நான்கு கடைவாய்ப் பற்கள்

பல் பிடுங்குவதில் எனக்குக் கைராசி உண்டு என்று கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டராகச் சேர்ந்த முதல் சில வருடங்கள் நான் செய்ததெல்லாம் அதுதான். ஊசி குத்துவதே தெரியாது, வேர் முறியாது, வந்தவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். தியாகதுருகத்துக்கு அப்பாலிருந்தெல்லாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வருவார்கள். ‘பல்லு புடுங்கற அம்மா’ என்றால் போதும், எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரே சொல்லிவிடுவார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இத்தனைக்கும் என் வாயிலேயே ஒரு பல் கிடையாது. கீழ்த்தாடையில், வலது பக்கம், முதல் கடைவாய்ப் பல். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்புக் கொல்லைக்கு நடுவே வளர்ந்தவள் நான். கரும்பும் வெல்லமுமாகத் தின்று தீர்த்துப் பத்து வயதில் அதைப் பறிகொடுத்தேன். எங்கள் பிரிவில் ஒரு பணியாளர் அக்கா இருக்கிறார், தியாகதுருகத்துக்காரர், வாய் கொஞ்சம் காரம். நான் கொட்டாவி விட்டால் போதும், பல் டாக்டர் வாயிலேயே பொந்து இருக்கிறது, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். நானும் சிரித்துக்கொள்வேன்.

என் பெருமைக்கு ஆப்பு வைத்தவர் மலையிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மா. சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். ஒருநாள் காலை, பத்து வயதுப் பெண்ணை ஒரு கையிலும் ஆறு வயதுப் பெண்ணை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு என் அறையில் வந்து நின்றார். பெரியவளை முன்னால் தள்ளி வாயைத் திறக்கச் சொன்னார்.

“நீங்க புடுங்குன பல்லு இன்னும் மொளைக்கலைங்க,” என்றார். “ஒரு வருசம் ஆயிடுச்சு.”

பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. என் வேலைதான். போன வருடம் முகம் வீங்கி அழுதுகொண்டே வந்த பெண். கடைவாய்ப் பல் வேர்வரைக்கும் சொத்தை. நாலே நிமிடத்தில் எடுத்து, பல்லைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை அந்த அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். பல்லை மலைக்குக் கொண்டுபோய், விழுந்த பல்லுக்கு எல்லோரும் செய்வதுபோலச் சாணி உருண்டைக்குள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்த தளம் போட்ட வீடு. அதன் மேல் எறிந்தால் கோழி கிளறிவிடும் என்று, பக்கத்தில் சொந்தக்காரர் கூரை வீட்டின் மேல் எறிந்திருக்கிறார்கள். மற்ற பல்லெல்லாம் எறிந்த கொஞ்ச நாளில் முளைத்துவிட்டது. இது மட்டும் வரவில்லை. அடுத்தவர் கூரையில் போட்டது தப்போ என்று என்னிடம் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்பல்தான் விழுந்து முளைக்கும். நான் எடுத்தது பால்பல் கிடையாது. ஆறு வயதில், பால்பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு பல்லும் விழாமல், வலியில்லாமல் சத்தமில்லாமல் முளைக்கிற பல் அது. சாகும்வரை இருக்க வேண்டிய பல். எதுவும் விழாமல் முளைப்பதால் புதுப்பல் வந்திருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. கூரைமேல் எறியாத பல்லெல்லாம் பால்பல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மலையில் மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கீழே ஏக்கர் ஏக்கராகக் கரும்பு போடுகிறவர் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் இதே நினைப்புதான். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். கறுப்பாக ஓட்டை விழுந்தாலும், விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பல் இனி முளைக்காது என்று சொன்னேன். பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த அவள் அம்மா, அடுத்த வார்த்தையில் அதை இறக்கி வைத்துவிட்டார்.

“அன்னிக்கே இன்னாத்துக்கு சொல்லல?”

வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. ஆனால் நாலு நிமிடத்தில் எடுத்துவிட்ட மிதப்பில், ஐந்தாவது நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

பேச்சை மாற்றுவதற்காகச் சின்னவளை நாற்காலியில் ஏற்றினேன். விளக்கைத் திருப்பிப் பார்த்தால், மேலே இரண்டு, கீழே இரண்டு, நாலும் அப்போதுதான் ஈறைத் தாண்டி முழுதாக வந்திருந்தன. ஒரு புள்ளி கறுப்பு இல்லை. ஆனால் மேல்பரப்பில் பள்ளங்கள் ஆழம். பெரியவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஜவ்வு மிட்டாய் இப்போது மலைமேல் எல்லா ஊருக்கும் பஸ் ஏறிப் போய்விடுகிறது. இரண்டு வருடத்தில் இந்த நாலும் என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

அந்த அம்மாவும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “இவளுக்கும் இப்படிப் பண்ணிடாத,” என்றார். “இந்த நாலும் போவாதுன்னு சொல்லு.”

எனக்கு ரோஷம் ஜாஸ்தி. போகாது, என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

வழி இல்லாமல் இல்லை. கல்லூரியில் பரீட்சைக்காக இரண்டு பக்கம் படித்து, பாஸானதும் மறந்துபோன ஒரு விஷயம் சீலன்ட். கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பு மாவரைக்கும் எந்திரக்கல்லைக் கொத்திய மாதிரி வரியும் பள்ளமுமாக இருக்கும். சில வரிகளுக்குள் பிரஷ்ஷின் ஒரு மயிர்கூட நுழையாது. சர்க்கரையும் கிருமியும் நுழையும். சொத்தை அங்கேதான் முதலில் பிடிக்கும். பல் முளைத்த கையோடு அந்தப் பள்ளங்களை ஒரு பிசின் பூச்சால் மூடிவிட்டால் உள்ளே போக வழியில்லை. துளைக்க வேண்டாம், ஊசி வேண்டாம், பிள்ளை அழாது. எங்கள் ஊர் ஆட்களிடம் சீலன்ட் என்று சொன்னால் முழிப்பார்கள் என்று அக்காதான் அதற்குப் ‘பல் பூச்சு’ என்று பெயர் வைத்தார்.

அதற்கான சாமான் எங்களிடம் அப்போது இல்லை. எழுதிப் போட்டு, நச்சரித்து, ஒருவழியாக வரவழைத்தேன். சின்னவள் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தாள். விடுதியிலேயே தங்கல். அவளைக் கீழே வரச்சொல்லி நாலு பல்லுக்கும் நிதானமாகப் பூசியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அது போதவில்லை. ஒருத்திக்கு என்ன, பள்ளிக்கூடத்துக்கே பூசிவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

ஜீப்பில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போய் இறங்கியபோது பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. வகுப்பறைக்குள் கரண்ட் இல்லை. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் தலைக்கு எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, வரிசையாக நின்றன. ஜீப்பை மத்தியானத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் அத்தனை பிள்ளைகளையும் முடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. ஒரு பிள்ளை எழுந்திருக்கும்போதே அடுத்த பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

பூச்சின் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். பல் காய்ந்திருக்க வேண்டும். முதலில் தேய்த்துச் சுத்தம் செய்து, நீல நிறக் களிம்பு ஒன்றைக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவி, காற்றடித்துக் காய வைத்தால், பல் பளபளப்புப் போய்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அந்த வெளுப்பின் மேல்தான் பூசி, பேட்டரியில் எரிகிற நீல விளக்கைக் காட்டி இறுக்க வேண்டும். நடுவில் ஒரு துளி எச்சில் பட்டாலும் களிம்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்த இருட்டில் பல் வெளுத்ததா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பஞ்சு பிடித்துக்கொண்டிருந்த அக்கா, எச்சில் பட்டுவிட்டது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பரவாயில்லை, விளக்கைப் பிடியுங்கள் என்றேன். பதறாத காரியம் சிதறாது மேடம் என்று முணுமுணுத்தார். அதையும் நான் காதில் வாங்கவில்லை. கடைசியில் கொக்கிக் கம்பியால் ஒவ்வொரு பூச்சின் ஓரத்தையும் நெம்பிப் பார்க்க வேண்டும். அதையும் விட்டுவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அத்தனை பேரையும் முடித்திருந்தேன். தலைமை ஆசிரியர் கைகுலுக்கினார். இறங்கும் வழி முழுக்க நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன், அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று மாதம் போயிருக்கும். அந்த அம்மா வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்கு வந்தவர், என்னைப் பார்க்க வந்தார். முகத்தில் நல்ல தெளிவு. நான் சொன்னதிலிருந்து விடுதிக்குப் போகும்போதெல்லாம் சின்னவளின் வாயைத் திறந்து பார்க்கிறாராம். ஒருதடவை பார்த்தால், கடைவாய்ப் பல் எல்லாவற்றிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததாம். பள்ளிக்கு வந்து பூசியதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“சோறு அப்பிக்கினு இருந்துச்சுங்க,” என்றார். “முள்வாங்கியால நோண்டி சுத்தமா எடுத்துட்டேன். எங்கூர்ப் புள்ளைங்க ஏழெட்டு பேருக்கும் அதே மாதிரி இருந்துச்சு. அதுங்களுக்கும் எடுத்து வுட்டேன்.”

முள்வாங்கி என்பது மலையில் செருப்பில்லாமல் காட்டுக்குப் போகிறவர்கள் இடுப்பிலே செருகியிருக்கும் சின்னச் சாமான். முள்ளைப் பிடுங்க ஒரு இடுக்கி, முள் தைத்த இடத்தைக் கிளற ஒரு கூர், காது குடைய ஒரு குட்டிக் கரண்டி, மூன்றும் ஒரு வளையத்தில் கோத்திருக்கும். அதை எடுத்து எனக்குக் காட்டவும் செய்தார். பாராட்டை எதிர்பார்த்து நின்ற அவரைப் பார்த்து நான் கத்தினேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். நான் மலை ஏறி வந்து மெனக்கெட்டுப் பூசியதை இப்படி நோண்டிப் போட்டீர்களே, உங்கள் பெண்ணின் பல்லை நீங்களே கெடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டேன். அவர் முள்வாங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார். தட்டிலிருந்த என் கொக்கிக் கம்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இதுவும் இரும்பு, அதுவும் இரும்பு,” என்றார். “ஒட்டியிருந்தா அதுக்கு வருமா மேடம்?”

வராது. அது எனக்கும் தெரியும். சரியாக ஒட்டிய பூச்சை நோண்டி எடுக்க முடியாது. நான் கடைசியில் செய்யாமல் விட்ட சோதனையைத்தான் அந்த அம்மா முள்வாங்கியால் செய்திருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என் கதை.

அடுத்த வாரமே பஸ் பிடித்து மலைக்குப் போனேன். முள்வாங்கி படாத பிள்ளைகளின் வாயையும் கொக்கிக் கம்பியால் தட்டிப் பார்த்தேன். பாதிப் பேருக்குப் பூச்சு இருந்த இடமே தெரியவில்லை. மிச்சம் இருந்ததும் ஓரம் தூக்கிக்கொண்டு, தொட்டதும் அப்பளம் மாதிரி கையோடு வந்தது. நல்ல காலம், சின்னவளின் நாலு பல்லிலும் இன்னும் சொத்தை பிடிக்கவில்லை. அவள் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். வருவார் என்று நான் நம்பவில்லை. சாயங்காலம் காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்து, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றார்.

நான் எழுந்து போய், தப்பு உங்கள்மேல் இல்லை, என்மேல்தான் என்றேன். பல் ஈரமாக இருக்கும்போது பூசிவிட்டேன், அதனால்தான் கழன்றுவிட்டது என்று விளக்கினேன். அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மண்சுவர் பூசும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கித்தானே பூசுவோம், காய்ந்த சுவரில் பூசினால்தானே உதிரும் என்றார். பல்லுக்கு அப்படியே தலைகீழ் என்றேன். நான் கத்தியதைப் பற்றி அவர் ஒரு பேச்சும் பேசவில்லை.

“அப்ப காய வெச்சுப் பூசுங்க,” என்றார். “இவளுக்குப் பூசும்போது நானும் இருக்கறேன்.”

இந்தத் தடவை வாரத்துக்கு ஒருநாள், ஒரு நாளைக்கு ஐந்தே பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டேன். பனி விலகி வெயில் ஏறிய பிறகுதான் ஆரம்பிப்போம். வகுப்பறையை விட்டு விராந்தாவுக்கு வந்தோம். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, மேலே விடுதிப் பாயை விரித்து, வெளிச்சம் வாய்க்குள் விழுகிற மாதிரி பிள்ளையைப் படுக்க வைத்தோம். வெளிச்சத்திலும் ஒரு தொல்லை உண்டு. வெயில் பட்டால் பூச்சு மருந்து கிண்ணத்திலேயே இறுகிவிடும். அக்கா தன் பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து அதை மூடி வைத்தார். ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கிக் காற்றடித்துக் காய வைத்தோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் போட்டேன். அக்கா எச்சில் என்று சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அக்காவும் சும்மா விடவில்லை. அதுநாள்வரை சேர்த்து வைத்ததையெல்லாம் தீர்த்துக்கொண்டார். ஒரு பையனுக்கு மூன்று தடவை எச்சில் என்றார், நான் மூன்று தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு களிம்பை எடுத்தேன்.

சின்னவளின் முறை வந்த அன்று அவள் அம்மா காலையிலேயே நடந்து வந்து, பெஞ்சின் தலைமாட்டில் நின்றுகொண்டார். முதல் மூன்று பல்லும் ஒழுங்காக முடிந்தன. கீழ் இடது பல்லில்தான் போராட்டம். அவள் நாக்கு, பஞ்சைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. களிம்பு, கழுவல், காற்று எல்லாம் முடிந்து பூசப்போகும் நேரம். எச்சி என்று ஒரு குரல். இந்தத் தடவை அக்கா இல்லை, அவள் அம்மா. அக்காவும் குனிந்து பார்த்து, ஆமாம் என்றார். மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை பல் சுண்ணாம்பாக வெளுத்தது. அவ்வளவு சுத்தமான வெளுப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பூசி, விளக்குக் காட்டி, கொக்கிக் கம்பியால் நாலு பல்லின் ஓரத்தையும் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

முடிந்தது என்றேன். அந்த அம்மா இடுப்பிலிருந்து முள்வாங்கியை உருவினார்.

“நானும் பாக்கட்டுங்களா?”

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஸ்பிரிட் பஞ்சால் அதை நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். அவர் மகளின் தலையை மடியில் எடுத்து வைத்து, வெளிச்சம் பார்த்துத் திருப்பி, நோண்ட ஆரம்பித்தார். பாவனையெல்லாம் இல்லை. முள் எடுக்கிறவரின் கை அது. ஓரத்தில் நுழைத்து நெம்பினார், பள்ளத்தில் குத்தி இழுத்தார், ஒவ்வொரு பல்லுக்கும் அவசரமில்லாமல் நேரம் எடுத்துக்கொண்டார். எத்தனையோ வாய்மொழித் தேர்வுகளுக்கு நான் போய் நின்றிருக்கிறேன். இவ்வளவு கறாரான பரிசோதகரைப் பார்த்ததில்லை. விராந்தாவில் இருந்த பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“வரலைங்க,” என்றார் கடைசியில். முள்வாங்கியின் முனையைத் தடவிப் பார்த்தார். “முனைதான் மழுங்கிப் போச்சு. இன்னா வெச்சிருக்கீங்க, கல்லா?”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரீட்சையில் பாஸானபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. அந்த ஒரு சிரிப்புக்காக அந்த மலையை இன்னும் நூறு தடவை ஏறலாம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எனக்கு மேலதிகாரி ஆகிவிட்டார். விடுதிக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வாய் திறக்கச் சொல்வார். ஒரு வாயில் வைத்ததை இன்னொரு வாயில் வைக்கக் கூடாது என்று முள்வாங்கியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடிகள் சிலவற்றைக் கொடுத்தேன். அவற்றைக் கூழ்ப் பானை காலியானதும் அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துவிடுவார். எங்கேயாவது பூச்சின் ஓரம் தூக்கியிருந்தால் மலையிலிருந்து இறங்குகிற பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்புவார். நாலாம் வகுப்பில் ஒருத்தனுக்கு மேல் வலப்பக்கம் பூச்சு பேர்ந்திருக்கிறதாம் என்று கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற தோரணையில் என் அறை ஜன்னலில் சொல்லிவிட்டுப் போவார். அந்த வாரம் அவனுக்குத் திருப்பிப் பூசுவேன்.

கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் டாக்டர் சிநேகிதிகள் கேலி செய்தார்கள். பிடுங்குவதற்குப் பல்லே இல்லாமல் பண்ணிவிட்டால் நாளைக்கு உன் கைராசியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றார்கள். எனக்கு மீசைதான் இல்லை, இருந்திருந்தால் முறுக்கிக்கொண்டிருப்பேன். அந்த விராந்தாவில் பூச்சு வைத்த பற்களில் இரண்டொன்றைப் பிறகு அடைக்க வேண்டி வந்தது. சிலவற்றுக்குப் பூச்சு தேய்ந்து திரும்ப வைத்தேன். ஆனால் அவற்றில் ஒரு பல்லைக்கூட நான் இதுவரை பிடுங்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மறைப்பானேன்.

பெரியவளின் வாயில் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. பக்கத்துப் பல் கொஞ்சம் சாய்ந்து வந்திருக்கிறது. வளர்ச்சி நின்ற பிறகு நானே ஒரு பல் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது கீழே வந்து மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் டாக்டரம்மா என்று சிரிப்பாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்குக் குற்றவுணர்ச்சி குத்தும். அது குத்தட்டும், அது நான் சம்பாதித்தது.

சின்னவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, போன பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை, அவள் அம்மா அவளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அவரை வரச்சொல்லவில்லை. திங்கட்கிழமைக் கூட்டம் எப்போதும் அதிகம். வரிசையில் கன்னம் வீங்கியவர்களும், துணியைச் சுருட்டித் தாடையில் வைத்துக்கொண்டவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே தாயும் மகளும் எந்த வலியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, கழுத்து நிறைய நகை போட்டவர், களமருதூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், கள்ளக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் தனக்குப் பல்வலி கண்டு வந்தவர், வலிக்காத பிள்ளையை எதற்கு இவ்வளவு தூரம் இழுத்து வந்தாய் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது திறந்திருந்த கதவு வழியே எனக்குக் கேட்டது.

முறை வந்ததும் அந்த அம்மா உள்ளே வந்து, சின்னவளைத் தானே நாற்காலியில் ஏற்றி, என்னைப் பார்த்தார்.

“கடைசியில புதுசா வந்துகினு இருக்குது டாக்டரம்மா. எதுவும் விழாமயே மொளைக்குது. கெட்டுப் போறதுக்கு முன்னாடி பூசி வுட்டுடுங்க.”

பன்னிரண்டாம் வயதில் வருகிற இரண்டாவது கடைவாய்ப் பல்லைப் பற்றி நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவரே பார்த்து, அவரே கண்டுபிடித்து, சரியான நேரத்தில் கூட்டி வந்திருக்கிறார். விளக்கைத் திருப்பினேன். கீழே இரண்டும் முழுதாக வந்திருந்தன. மேலே இரண்டும் பாதிதான், அதற்கு இன்னும் சில மாதம் வேண்டும். அவற்றுக்கு முன்னால் பழைய நாலு. கொக்கிக் கம்பியால் ஒவ்வொன்றையும் சுற்றி வந்தேன். ஒன்றில் பூச்சு கொஞ்சம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு அப்புறமும் நாலும் நாலாகவே இருந்தன. ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது.

நாலும் நன்றாக இருக்கிறது என்றேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார் அவர்.

அதற்குள் அந்த நகை போட்ட பெண்மணி கதவருகே வந்து நின்றுகொண்டிருந்தார். கூட வந்திருந்த தன் ஏழு வயது மகளைக் கையில் பிடித்திருந்தார். பால்பல்லுக்கெல்லாம் எதற்கு வைத்தியம் என்று பொதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மலையிலிருந்து வந்தவர் அவர் பக்கம் திரும்பினார். இது பால்பல் இல்லை, எதுவும் விழாமல் பின்னால் முளைக்கிற பல், போனால் வராது, என் பெரிய பெண்ணுக்கு இப்படித்தான் தெரியாமல் போய்விட்டது என்று, கையை நீட்டித் தன் கடைவாயைக் காட்டிக் காட்டிச் சொன்னார். வரிசையில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கினார். பிறகு மகளின் வாயைத் திறந்து, என்னிடம் காட்டாமல் அவரிடம் காட்டினார்.

“இவுளுக்கு வந்துடுச்சா பாரும்மா.”

அவர் என் மேசையிலிருந்து ஒரு புதுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் என் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அந்த அறையில் அப்போது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

“நாலும் வந்துடுச்சுங்க,” என்றார் அவர். “கறுப்பு இல்ல. இன்னிக்கே பூசிக்கலாம்.”

நான் அக்காவைக் கூப்பிட்டுப் பஞ்சு எடுக்கச் சொன்னேன். ஒருத்திக்கா என்று கேட்டார். இரண்டு பேருக்கு என்றேன். இங்கே இரண்டு, அங்கே நாலு, மொத்தம் ஆறு பல்.